எந்தப் பக்கம் அடக்குவீங்க, பாட்டி?

மஸ்ஜித் இந்தியா

கோலாலம்பூரில் காலை ஏழரை மணி. துணிக்கடைகள் இன்னும் இரும்புக் கதவைத் தூக்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த நடைபாதையில் ஒரே ஒரு கடை மட்டும் விழித்திருந்தது. இரண்டு முழ அகலம் இருந்தால் அதிகம். மேலே மல்லிகைச் சரமும் சாமந்தி மாலையும் தொங்கின. கீழே ஈரச்சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கவுளி, பிளாஸ்டிக் டப்பாவில் சீவல், பழைய பால்டின்னில் சுண்ணாம்பு. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். ரொட்டி சானாயை விரல் நுனியளவுக்குப் பிய்த்து, தே தாரிக்கில் தோய்த்துத் தோய்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பருப்புக் குழம்புப் பொட்டலம் முடிச்சு அவிழாமல் பக்கத்தில் கிடந்தது.

"குழம்பு ஊத்திக்கலையாண்ணே?"

"காரம் ஆவாதும்மா. நாலஞ்சு வருசமா இப்படித்தான்."

வயதானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்தபடி நகர்ந்துவிட்டேன்.

தெரு முழுசாய் எழுந்திருக்கப் பத்து மணியாகிறது. அதன்பின் நாகர்கோவில் மீனாட்சிபுரம் கடைத்தெருவையும் பர்மா பஜாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி இங்கே அவிழ்த்துவிட்டாற்போல இருக்கிறது. காஞ்சிப் பட்டு, பாஜு கூரோங் துணி, தலைத்துணி, அத்தர், பேரீச்சம்பழம், ஜாமூ மருந்துப் பொட்டலம், முறுக்கு. ஒரே கடைப்பையன் என்னிடம் தமிழிலும் அடுத்த பெண்ணிடம் மலாயிலும், கணக்குப் போடும்போது தனக்குத்தானே இன்னொரு விதத் தமிழிலும் பேசுகிறான். ரிங்கிட்டை இங்கே 'வெள்ளி' என்கிறார்கள். "இருவது வெள்ளிக்கா, கொறைக்க முடியாது" என்று அவன் சொன்னபோது, நகைக்கடைக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தடுமாறினேன்.

தெருவுக்குப் பெயர் கொடுத்த பள்ளிவாசலை 1863இல் மரத்தால் எழுப்பியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1966இல் வந்தது. இங்கே பயான் என்னும் மார்க்க உரை தமிழில் நடக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் தமிழில் கீழக்கரை வாடை அடித்தது. ஊர் கேட்டேன். "நான் இங்கனதான் பொறந்தேன். எங்க வாப்பாவுக்குக் கீழக்கரை" என்றார்.

நாகர்கோவிலிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தாள். "பாத்து நட மக்கா. அங்கதான ரோடு உள்ள போயி ஒரு பிள்ள விழுந்தது?" 2024 ஆகஸ்டில் இதே தெருவின் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அதற்குள் போய்விட்டார். கடைக்காரர்கள் அதைப் பற்றித் தாமாகப் பேசுவதில்லை. நாம் கேட்டாலும் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தொழில் வாய் நோயியல் கற்பிப்பது. தமிழ்நாட்டில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நுண்ணோக்கிக்குப் பின்னால் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பிறந்த ஊர் நெய்யூருக்குப் பக்கம். வாய்ப்புற்றைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அது சும்மா ஓர் ஊர்ப்பெயர் இல்லை. அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டல் 1908இல், தாம் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளின் கணக்கைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே மருத்துவமனையின் ஓர் (Orr) என்ற மருத்துவர் 1933இல் 'லான்செட்' இதழில், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். 1956 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர் பக்கம். எங்கள் ஆச்சி அந்த ஆஸ்பத்திரி மதிலோரமாக நடந்துதான் சந்தைக்குப் போவாள், வாயில் வெற்றிலையோடு.

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. வாயைத் திறக்கமுடியாமல், கன்னம் பழுத்து வெடித்து ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் மாணவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டி, "நல்ல கேஸ்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கேஸ் நிறைய வருகிற கல்லூரிதான் நல்ல கல்லூரி என்று பெற்றோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். சென்னையில் என்னிடம் படித்துவிட்டு இங்கே கிள்ளானில் மருத்துவராக இருக்கும் ஒரு பெண், "உங்களுக்கு ஒரு நாள்ல வர்ற கேஸ் எங்களுக்கு ஒரு வருசத்துல வராது மேம். அப்ப எப்படிச் சொல்லித்தர்றாங்கன்னு வந்துதான் பாருங்களேன்" என்றாள். அதற்காகத்தான் வந்தேன்.

லெம்பா பந்தாய்

மலாயா பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்ததும் நகரத்தின் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் குடை பிடிக்கின்றன. பல் மருத்துவப் புலம் 1972இல் தொடங்கியது. அதற்கு முன் இந்த நாட்டுப் பிள்ளைகள் பல் மருத்துவம் படிக்கச் சிங்கப்பூருக்குத்தான் போகவேண்டும். அங்கே 1929இலேயே பள்ளி வந்துவிட்டது. நம் சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவம் தொடங்கியது 1953இல்.

சிகிச்சைக் கூடத்தின் ஒரு மூலையில் எனக்கு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். நோயாளி ஒரு தமிழ்ப் பாட்டி, பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டியிருந்தார். எதிரே சீனப் பெண் ஒருத்தி, நான்காம் ஆண்டு மாணவி. மலாயில் பெயர், வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"பாட்டி, வெத்தில போடுவீங்களா?"

பாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "போடுவேன் கண்ணு!"

"எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

பாட்டி இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மாணவி அந்தக் கன்னத்தை ஒதுக்கிவிட்டு, விளக்கைத் திருப்பினாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த 'போடுவீங்களா' என்ற ஒரு சொல்லுக்கு நான் ஒரு காலத்தில் கொடுத்த விலை அப்படி. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு அம்மாவிடம் "வெற்றிலை சாப்பிடும் பழக்கம் உண்டா?" என்று புத்தகத் தமிழில் கேட்டேன். "இல்லீங்க" என்றார். 'தீய பழக்கம் எதுவும் இல்லை' என்று எழுதி, ஆட்டம் கண்ட பல்லைப் பிடுங்க அனுப்பிவிட்டேன். பல் பிடுங்கப்போன இடத்தில் மூத்த பேராசிரியர் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்திருக்கிறார். ஈறோடு ஒட்டினாற்போல ஒரு செம்படலம். என்னைக் கூப்பிட்டு விட்டார். அந்த அம்மா என்மேல் கோபப்படவில்லை. "வெத்தலையை யாராச்சும் சாப்பிடுவாங்களா டாக்டரம்மா? போட்டுக்கறதுதான்" என்றார். அவர் பொய் சொல்லவே இல்லை. என் கேள்விதான் தப்பு.

அடக்குகிற பக்கத்தைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. புண் பெரும்பாலும் அதே பக்கம்தான் வரும். வாயில் அடக்கிக்கொண்டே தூங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இரவு முழுக்கச் சாறு ஒரே இடத்தில் ஊறுகிறது. சுண்ணாம்பு சேர்வதால் எச்சிலின் காரத்தன்மை ஏறி, பாக்கிலிருந்து வருகிற பொருள்கள் செல்லைத் தாக்கும் வீரியம் கூடுகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின், கன்னத்தின் அடியில் நார் நெய்கிற செல்களை உசுப்பிவிடுகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நார்களை ஒன்றோடொன்று பூட்டுவதற்குத் துணைபோகிறது. பஞ்சாக இருந்த கன்னம் கித்தான் துணியாகிறது. முதலில் காரம் எரியும். அப்புறம் வாய் திறக்கிற அளவு குறையும். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று புத்தகத்தில் பெயர். புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் சொன்னது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே போதும் என்று அது அறிவித்தது 2004இல்தான். நடுவில் பத்தொன்பது வருடம், 'நான் போயிலை போடுறதில்ல' என்று சொன்னவர்களை எல்லாம் நாங்கள் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பாட்டியின் கன்னத்தில் பழுப்பாகத் தோல் உரிந்ததுபோல் இருந்தது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு வருவது. ஓரத்தில் நகமளவு வெள்ளைப் படலமும் இருந்தது. மேற்பார்வை ஆசிரியர் வந்தார். அவர் தாமே பார்க்கவில்லை. "நீ என்ன பார்த்தாய், சொல்" என்று மாணவியிடம் கேட்டார். தேய்த்தால் போகிறதா, விளிம்பு எப்படி, நடுவில் சிவப்பு கலந்திருக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த ஒரு வாய்க்கு நாற்பது நிமிடம் ஆனது. எங்கள் ஊரில் நாற்பது நிமிடத்தில் பதினைந்து வாயைத் திறந்து மூடியிருப்போம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்தியாவில் இவை மூன்று துறைகள். வாய் மருத்துவத்தில் பார்ப்பார்கள், வாய் அறுவையில் வெட்டுவார்கள், வாய் நோயியலில் படிப்பார்கள். மூன்று மாடி, மூன்று சீட்டு. என் மேசைக்கு வருவது ஃபார்மலினில் மிதக்கிற ஒரு துணுக்கும் ஓர் எண்ணும்தான். முகம் வராது. மலாயாவில் வாய் நோயியலும் வாய் மருத்துவமும், ஈறு மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்டு, நெடுங்காலம் ஒரே துறையாக இருந்தன. அந்தப் பழக்கம் இன்னும் ஆட்களிடம் இருக்கிறது. காலையில் கன்னத்தைப் பார்த்த ஆசிரியர், மதியம் நுண்ணோக்கி அறையில் வேறொரு நோயாளியின் ஸ்லைடை வைத்துக்கொண்டு, "இவர் மீன் வியாபாரி, வலப்பக்கம் அடக்குவார்" என்று ஆரம்பித்தார்.

நுண்ணோக்கி அறைதான் எனக்குப் பிறந்த வீடு. மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஹெமடாக்சிலினும் இயோசினும் ஏற்றிய ஸ்லைடு. உட்கரு ஊதா, மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. முந்தின நாள் மஸ்ஜித் இந்தியாவில் பார்த்த சேலையின் உடலும் முந்தானையும் இதே நிறம். அது தற்செயலும் இல்லை. ஹெமடாக்சிலின் மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் கட்டையிலிருந்து வருவது. பட்டுக்கும் கம்பளிக்கும் நிறமேற்றத்தான் முதலில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. இயோசினும் 1870களில் சாயத் தொழில் பெற்ற பிள்ளை. துணிக்காரர்கள் கண்டுபிடித்ததை வைத்துத்தான் நாங்கள் புற்றைக் கண்டுபிடிக்கிறோம் என்று மாணவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். ஒரு மலாய்ப் பையன் மட்டும் எழுதிக்கொண்டான்.

இந்த ஊரில் வாய் நோயியலின் பழைய பெயர் டாக்டர் கே. ராமநாதன். 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், இதே கோலாலம்பூரில், அவர் வாய் நோய்ப் பிரிவில் இருந்தார். தீபகற்ப மலேசியாவின் வாய்ப்புற்று இந்தியர், மலாய்க்காரர், சீனரிடையே எப்படி வேறுபடுகிறது என்று 1976இல் எழுதினார். 1981இல், கன்னம் நாராகிப்போவதற்கு நெடுநாள் இரும்புச்சத்துக் குறைவும் பி வகை வைட்டமின் குறைவும் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். பழி முழுவதும் பாக்கின் மீதுதான் என்று பிற்கால ஆய்வுகள் போயின. ஆனாலும் இரத்தசோகையோடு வருகிற தோட்டத்துப் பெண்களை அவர் கண்ணால் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேராசிரியர் ரோஸ்னா ஸைன் குழு 1993–94இல் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தி 11,697 பேரின் வாயைப் பார்த்தது. புற்றாக மாறக்கூடிய படலங்கள் மொத்தத்தில் 1.4 விழுக்காட்டினருக்கு இருந்தன. இந்தியரிடம் மட்டும் 4 விழுக்காடு. சீனரிடம் அரை விழுக்காடு. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவர்களின் மொழியில் ஒரு சீன மாணவி கேள்வி கேட்கப் பழகுவது இந்தக் கணக்கினால்தான். நோய் இங்கே தமிழ் பேசுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ்

வாழையிலைச் சாப்பாட்டுக்காகத்தான் இறங்கினேன். பொரித்த பாகற்காய், மோர்மிளகாய், நண்டுக் குழம்பு. முட்டி வலிக்க வரிசையில் நின்றும் பாகற்காய் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இலையை நம் பக்கம் மடிக்கவேண்டும், எதிர்ப்பக்கம் மடித்தால் துக்க வீடு என்று பக்கத்து மேசைக்காரர் எனக்கே பாடம் எடுத்தார்.

ஒரு காலத்தில் செங்கல் சூளைகளும், பிறகு இரயில்வேக்காரர்களின் குடியிருப்பும் இருந்த இடம். 2010இல் லிட்டில் இந்தியா என்று வளைவும் வண்ணமும் ஏற்றி, மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தார். வண்ணம் எனக்குக் கொஞ்சம் திகட்டியது. உள்சந்துகளில்தான் எனக்கு வேண்டியது இருந்தது. பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில் இருப்பதால், பார்வையற்றவர்கள் உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. முட்டி வலிக்காக ஒன்றில் நுழைந்தேன்.

பிடித்துவிட்டவர் ஐம்பது வயதுத் தமிழர். என் தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து நிறுத்தி, "நீங்க குனிஞ்சே பாக்கற வேலையா?" என்றார். நான் என்ன வேலை என்று சொல்லியிருக்கவில்லை. "எப்படிண்ணே தெரிஞ்சது?"

"வலது தோள்ல ஒரு முடிச்சு இருக்கு. தையக்காரங்களுக்கும் இருக்கும். ஆனா அவங்களுக்குக் கை காச்சிருக்கும்."

முடிச்சு என்றால் எப்படி, கல்லா, கயிறா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. சதை இறுகியிருப்பது ஒரு விதம், நரம்பு முறுக்கியிருப்பது ஒரு விதம், அடியோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது வேறு விதம் என்று விரலாலேயே என் முதுகில் எழுதிக்காட்டினார். "நகராததுதான் மோசம்" என்றார்.

நான் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்வதும் இதுதான். ஆனால் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வாய்ப்புண்ணின் விளிம்பைத் தொடும்போது மெத்தென்று இருந்தால் ஒரு பேச்சு. காய்ந்த புளியங்கொட்டைபோலக் கெட்டிப்பட்டு, அடியில் உள்ளதோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் வேறு பேச்சு. கழுத்து நெறிக்கட்டிக்கும் அதே கணக்கு. எங்கள் பையன்கள் கண்ணாடியையும் கேமராவையும் நம்பி விரலை மறந்துகொண்டிருக்கிறார்கள். தையல் போட ஆட்டுநாக்கில் பழக்குகிறோம், வாழைத்தோலில் பழக்குகிறோம். தொட்டுப் பார்ப்பதற்கு எதில் பழக்குவது? இவரை ஒரு வாரம் வகுப்பெடுக்க விட்டால் தேவலை. சொன்னேன். "நமக்கு இங்கிலீஷ் வராது டீச்சர்" என்று சிரித்தார்.

கிள்ளான்

நகரத்திலிருந்து மேற்கே இரயில் போகப்போகக் கட்டடங்கள் உயரம் குறைகின்றன. இடையிடையே செம்பனைத் திட்டு. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் பால்மரம். கிள்ளான் நிலையத்தில் என் பழைய மாணவி காத்திருந்தாள். "மேம், நீங்க மெலிஞ்சிட்டீங்க" என்று பொய் சொன்னாள்.

தெங்கு கிளானா சாலையில் அவளுடைய கிளினிக். கடைத்தெரு சேலையும் பூவும் அப்பளமும் எவர்சில்வருமாக இருக்கிறது. மஸ்ஜித் இந்தியாவின் தள்ளுமுள்ளு இல்லை. ஆடிக்குப் போன உறவுக்கார வீடு மாதிரி ஒரு நிதானம். கிளினிக்கில் அவள் மேசையில் முள்ளும் கரண்டியும் போல் இரண்டு கையேடு. ஒன்று பல்லுக்கு, இன்னொன்றில் கன்னம், நாக்கு, அடிநாக்கு, அண்ணம் என்று வாயின் வரைபடம். வருகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு புள்ளியாவது வைக்கிறாள். "நீங்கதான் சொன்னீங்க மேம், பல்லு இருக்கற எடம் வாயில கொஞ்சம்தான்னு." நான் சொன்னது எனக்கு மறந்துபோயிருந்தது.

மதியம் கணவரின் பாட்டி வீட்டுக்கு அழைத்துப்போனாள். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பாட்டிக்கு எண்பத்துமூன்று. தோட்டம் செம்பனைக்கு மாறி, அப்புறம் வீட்டு மனையாக மாறியபோது இங்கே வந்தவர். வந்தவுடன் "பசியாறிட்டீங்களா?" என்றார். மலேசியத் தமிழில் எனக்கு மிகப் பிடித்த சொல் இது. நாம் டிபன் என்று சுருக்கிவிட்டதற்கு இவர்கள் வைத்திருக்கிற சொல்.

"விடியகாத்தால நாலரைக்குப் பெரட்டு" என்று ஆரம்பித்தார். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் எடுப்பது. மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கிற கோப்பை. "மங்கு தொடச்சு, மரம் வெட்டி, பால் எடுத்து வந்து சேர மதியமாயிரும். எங்க பசியாறறது? போயில வச்சு ஒண்ணு அடக்கிக்கிட்டா மதியம் வரைக்கும் தாங்கும். சாமிக்குப் படைக்கறது வேற. இது வவுத்துக்கு."

முப்பது வருடமாக வகுப்பில் 'பழக்கம்' என்று எழுதிப்போட்டிருக்கிறேன். பசியை அடக்கும் மருந்தாக அது கூலியோடு சேர்ந்து ஓடிய கதையைப் பாடத்தில் ஒரு வரியாகவும் சேர்த்ததில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில், கூலி உயர்வோடும், துரை எதிரே வந்தாலும் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையோடும், கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் ஒன்று. நாதனை நாடு கடத்தினார்கள். வெற்றிலையும் புகையிலையும் மதுவும் ஒரே வாயில் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. அந்தப் பாடம் எங்கள் புத்தகத்துக்கு வருவதற்கு முன்பே, கள்ளை மட்டுமாவது நிறுத்து என்று அவர்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள்.

பாட்டியின் இடது கன்னத்துக்குள் சின்னதாக, வெளிறிய ஒரு தழும்பு. "தோட்டத்துக்குப் பல்லு டாக்டருங்க வந்தாங்க. எல்லாரையும் லயத்து வாசல்ல உக்கார வச்சு லைட் அடிச்சாங்க. எனக்கு வெள்ளையா இருக்குன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன், அறுத்து எடுத்தாங்க." மலேசிய சுகாதார அமைச்சு 1997இலிருந்து தோட்டங்களையும் பூர்வகுடிக் கிராமங்களையும் தேடிப்போய் வாய் பார்க்கிறது. அப்படி வந்த குழுவாக இருக்கவேண்டும். வெறும் கண்ணும் விளக்கும் போதுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைத்தான் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் 'லான்செட்'டில் வந்தது. அப்படி வீடுவீடாகப் போனவர்கள் பல் மருத்துவர்கள்கூட இல்லை.

"இப்ப விட்டுட்டீங்களா பாட்டி?"

"போயில விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "வெத்தல மட்டும் சாயந்தரம் ஒண்ணு."

என் மாணவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் சொல்றேன் மேம், வீட்டுல நடக்கல."

இப்போது இங்கே கைப்பேசியில் வாயைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் 'மெமோசா' என்ற செயலி வந்திருக்கிறது, இந்த நாட்டு ஆய்வாளர்கள் செய்தது. அதைத் திறந்து எனக்குக் காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் எடுப்பதற்கு முன் யாராவது கன்னத்தை ஒதுக்கியாகவேண்டும். கிளம்பும்போது கையுறைப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை உருவி என் கைப்பைக்குள் திணித்தாள். "உங்களுக்கு வழியில யாராவது மாட்டாம இருக்கமாட்டாங்க."

மீண்டும் மஸ்ஜித் இந்தியா

சனிக்கிழமை இரவு. துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை நடக்கிறது. பொரித்த வாழைப்பழ வாசனையும் துரியான் நாற்றமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பூக்கடை முன்னால் இறக்கியது.

பெரியவர் டப்பாவில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டி நுனியில் எடுத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டுக்குள் நழுவவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரம் ஆகாது. நாலஞ்சு வருசம். விரல் நுனியளவு ரொட்டி. முதல் நாள் காலையிலேயே இவர் தன் நோயை என்னிடம் முழுசாகச் சொல்லிமுடித்துவிட்டார். நான் மல்லிகை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

"அண்ணே, வாயைக் கொஞ்சம் தெறங்களேன்."

"பல்லு டாக்டரா நீங்க? பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பல்லைப் பாக்கல. கன்னத்தைப் பாக்கணும்."

சிரித்துக்கொண்டே திறந்தார். அவ்வளவுதான் திறந்தது. உங்கள் மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வையுங்கள் என்றேன். இரண்டு போயிற்று. மூன்றாவது பல்லில் இடித்து நின்றது. கையுறையை மாட்டிக்கொண்டு, கைப்பேசி விளக்கில் உள்ளே பார்த்தேன். இரு கன்னமும் பளிங்குபோல வெளிறியிருந்தன. விரல் வைத்த இடத்தில் கயிறு கயிறாகத் தட்டியது. அந்தக் கணத்தில், வேறெதுவும் தோன்றுவதற்கு முன்பு, என் மனதில் வந்த வார்த்தை 'நல்ல கேஸ்' என்பதுதான். எழுதாமல் விட்டிருக்கலாம். வந்தது வந்ததுதான்.

கெட்டிப்பட்ட விளிம்பு எங்கும் தட்டுப்படவில்லை. கழுத்தில் நெறி இல்லை. அவரிடம் அதைச் சொன்னேன். இது தானாகச் சரியாகாது, யாராவது முறையாகப் பார்த்து, தொடர்ந்து கவனித்து வரவேண்டும் என்பதையும் சொன்னேன். கிள்ளானுக்குத் தொலைபேசி போட்டு, எங்கே போகவேண்டும் என்று கேட்டு, சீவல் கட்டுகிற தாளின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார்.

"எந்தப் பக்கம் அடக்குவீங்கண்ணே?"

"ரெண்டு பக்கமும்தான். கடையில நாள் பூரா உக்காந்திருக்கணுமில்ல."

"அதை இன்னியோட விட்டுருங்க."

பதில் சொல்வதற்குள் வேட்டி கட்டிய ஒருவர் வந்து, "அண்ணே, ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். பெரியவரின் கை தானாகச் சாக்கை விலக்கியது. இலையை லுங்கியில் துடைத்து, காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவலை அள்ளி வைத்து, மடித்து முடிக்க மூன்று மூச்சு ஆகியிருக்கும். மடித்ததைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கில்லம்மா, அவருக்குத்தான்" என்றார்.